வாசம் இல்லாத இரும்பு

போன மாதம் ஒரு காரியமாகச் சேலத்தில் எங்கள் பழைய காட்டிலாகா ஆபீஸுக்குப் போயிருந்தேன். நுழைந்ததும் சுவரில் ஒரு பொறி தொங்கிக்கொண்டிருந்தது. நான் வாலிபத்தில் கையாண்ட அதே இரும்புப் பொறி. இரண்டு தாடை, நடுவில் மிதிக்கிற தட்டு, இரு பக்கமும் வளைந்த பட்டை ஸ்பிரிங். யாரோ ஒரு புண்ணியவான் அதை மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கல்யாண வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கு கணக்காகப் பளபளக்க வைத்திருந்தார்.

பக்கத்தில் நின்ற இளைஞர் பெருமையாகச் சொன்னார்: "கருப்பா அழுக்கா கிடந்துச்சு சார். நாங்கதான் சுத்தம் பண்ணினோம்."

எனக்குச் சிரிப்பு பாதி, எரிச்சல் பாதி. "தம்பி, நீங்க அதைச் சுத்தம் பண்ணலை, அழுக்காக்கி வெச்சிருக்கீங்க. அந்தக் கருப்புதான் சுத்தம்" என்றேன். அவர் திருதிருவென்று விழித்தார். அங்கிருந்தவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். டீயும் வந்தது. அன்று வாயால் சொன்னதை எழுதிக் கொடுக்கும்படி கேட்டார்கள். எழுதுகிறேன். எழுத உட்கார்ந்ததுமே எனக்குக் கை பரபரக்கிறது, வயசு எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு அந்தப் பொறியை வைத்தால் வைத்தவனைப் பிடித்து உள்ளே போடுவார்கள். போட வேண்டியதுதான். அது இரக்கமில்லாத இரும்பு. ஆனால் நாங்கள் வேலை பார்த்த காலத்தில் சேலம், ராசிபுரம், திருச்செங்கோட்டுப் பக்கத்துக் காட்டுமேடுகளில் ஓநாய் இருந்தது, கழுதைப்புலி இருந்தது. ஒரே ராத்திரியில் ஒரு குடும்பத்தின் பிழைப்பை அவை தூக்கிக்கொண்டு போய்விடும். பிழைப்பு மட்டுமா, ஒருத்தியின் மானத்தையே தூக்கிக்கொண்டு போகப் பார்த்த கதை ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

எனக்குச் சொந்த ஊர் ராசிபுரம். நூலுக்குச் சாயம் போடுகிற குடும்பம். தறிக்குழியில் உட்காரச் சொன்னால் எனக்குக் கால் சும்மா இருக்காது, சாயக் கொப்பரையைக் கிளறச் சொன்னால் கண் ரோட்டைப் பார்க்கும். "இவன் குடும்பத்துக்கு ஆக மாட்டான்" என்று வீட்டில் தண்ணீர் தெளித்து விட்டார்கள். நான் கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு வந்து, மலைரோடு ஏறுகிற இடத்தில் இருந்த காட்டிலாகா ஷெட்டில் கூலி வேலை கேட்டு நின்றேன்.

அங்கே ரேஞ்சராக இருந்தவர் மாசிலாமணி. ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். ஒல்லியான ஆள், அதட்டிப் பேசத் தெரியாதவர். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நகத்தைத்தான் பார்த்தார். நகக்கண்ணில் கருப்பு ஏறியிருந்தது.

"சாயக்காரனாப்பா நீ?"

"ஆமாங்க."

"இரும்புல கருப்பு ஏத்தத் தெரியுமா?"

"நூலுக்குக் கருப்பு ஏத்தவே இரும்புத் துருவும் கடுக்காயும்தானுங்க. இரும்புக்கே ஏத்தறதுன்னா பாதி வேலை மிச்சம்."

அவ்வளவுதான் பரீட்சை. அன்று முதல் என்னை இலாகாவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரிட்டயர் ஆகிற நாள்வரை நான் 'சாயம்'தான்.

வேலை பழக வருஷம் ஆனது. சுருக்கமாகச் சொன்னால் வேலை இதுதான். சீமையிலிருந்து வருகிற புதுப் பொறி எண்ணெய்ப் பிசுக்கோடு வரும். மனுஷனுக்கே அந்த வாடை தெரியும் என்றால் ஓநாய்க்குக் கேட்கவே வேண்டாம், அடுத்த ஊரிலிருந்தே முகர்ந்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போய்விடும். வண்ணார் துணிக்குப் போடுகிற உவர்மண்ணைக் கரைத்து, அதில் பொறியைப் போட்டு வேகவைக்க வேண்டும். பிசுக்கு மேலே மிதந்து வரும். அதை வழித்துக் கொட்டிவிட்டு மறுபடி வேகவைக்க வேண்டும். பிறகு கிளையில் கட்டிப் பனியில் தொங்கவிட வேண்டும். மெல்லிசாகத் துரு பூக்கும். பார்க்கிறவர்கள் "ஐயோ, துருப்பிடிக்க விடுறானே" என்பார்கள். அந்தத் துருதான் சாயத்தைப் பிடித்துக்கொள்கிற கை. ஆவாரம்பட்டையும் இடித்த கடுக்காயும் போட்ட தண்ணீரில் அதை இறக்கினால், கண்ணெதிரே பழுப்பு நீலமாகி, நீலம் கருப்பாகும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அந்த நேரம் நெஞ்சு துள்ளும்.

கடைசியில் மெழுகு. இதில்தான் ஆள் தெரியும். கொதிக்கிற தண்ணீரில் தேன்மெழுகைப் போட்டால் உருகி மேலே ஏடுபோல மிதக்கும். பொறியை அடியில் போட்டு, இரும்புக்குத் தண்ணீரின் சூடு முழுதாக ஏறும்வரை பொறுத்திருந்து, மரக்கொக்கியால் மெல்ல மேலே தூக்க வேண்டும். மெழுகைக் கடந்து வரும்போது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிசாக ஒரு பூச்சு ஒட்டும். அவசரப்பட்டுச் சூடு ஏறாத இரும்பைத் தூக்கினால் மெழுகு கட்டி கட்டியாக அப்பும், மண்ணில் வைத்ததும் பொருக்காக உதிரும். நிதானமாகத் தூக்கினால் துரு ஏறாது, தாடை வழுக்கிக்கொண்டு மூடும், ஈரமண்ணிலும் ஒட்டாது. அதன் பிறகு அதைக் கையால் தொடக் கூடாது. காய்ந்த ஆவார இலை நிரப்பிய சாக்கில்தான் அது இருக்க வேண்டும்.

ரேஞ்சர் காலையில் பல் துலக்கிய கையோடு, காப்பி குடிக்கும் முன்னால் ஷெட்டுக்கு வருவார். மூக்குப்பொடி போடுகிற குடும்பத்தில் பிறந்தவர், இந்த வேலைக்காகவே பொடியை விட்டவர். வரிசையாகத் தொங்கும் பொறிகளுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். ஒவ்வொன்றாக முகர்வார். சரியென்றால் அடுத்ததற்குப் போவார். சரியில்லையென்றால் திட்ட மாட்டார். "சாயம், நேத்து ராத்திரி வெங்காய பஜ்ஜியா?" என்பார். அவ்வளவுதான். பொறி மறுபடி அடுப்புக்குப் போகும். பொறி வைக்கப் போகிற நாளில் எங்களுக்குத் தலைக்கு எண்ணெய் கிடையாது, வெற்றிலை கிடையாது, நெற்றியில் விபூதி சந்தனம் கிடையாது. "அரசாங்க உத்தியோகம்னு பொண்ணக் குடுத்தா, மாப்பிள்ளை பரதேசிக் கோலத்துல இரும்ப வேகவெச்சுட்டு உக்காந்திருக்காரு" என்று என் மாமியார் ஊரெல்லாம் சொல்லி அழுதார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். சீமையிலிருந்து பொறி வருவது நின்றுபோயிருந்தது. இருப்பதை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தோம். ரேஞ்சர் திருச்செங்கோட்டில் முகாம் போட்டிருந்தார், நானும் உடன் இருந்தேன். ஒரு காலையில் ஒரு பெண் நேரே வந்து முகாம் வாசலில் நின்றாள். வெயிலில் கருத்த உடம்பு, கையில் தொரட்டி, மறு கையில் மடித்த பூவரச இலை. பெயர் பாவாயி. செங்கோடப் பண்ணாடி என்கிற ஒரு பெரிய விவசாயியின் ஆடுகளை மேய்ப்பவள். ஊர் பெயரை எழுதவில்லை, அந்த மனிதர்களின் பேரன் பேத்திகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அவள் இலையைப் பிரித்து நீட்டினாள். உள்ளே ஒரு கொத்து மயிர்.

"ஏனுங்க சாமி, இது நாய் மசுருங்களா, ஓநாய் மசுருங்களா? பாத்துச் சொல்லுங்க. இல்லீனா என்னைய ஊர உட்டுப் போகச் சொல்றாங்க."

ரேஞ்சர் அதை வாங்கி, கண்ணை மூடி முகர்ந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் கண்ணைத் திறந்து, "இது நாயில்லம்மா. எங்க கிடைச்சுது?" என்றார்.

"கிளுவை வேலியிலங்க. கடவுகிட்ட."

மேய்ச்சல் காட்டைச் சுற்றிக் கிளுவை முள்ளால் உயிர்வேலி போட்டிருப்பார்கள். ஆளும் ஆடும் போய்வர அதில் விட்டிருக்கும் சந்துக்குக் கடவு என்று பெயர். உள்ளே பட்டியில் ஆடுகள் அடைந்திருக்கும். அந்தப் பட்டியிலிருந்துதான் குட்டியும் கிடாயுமாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. பாவாயியின் புருஷன் சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போயிருந்தான். அது ஒன்று போதாதா? "ஆடு மலையேறிப் போகுது, புருஷன்காரன் வித்துக் காசாக்கறான்" என்று ஊர் பேசிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம். அதற்குள் ஓநாயைக் காட்டாவிட்டால் அவள் திருடி என்று முடிவாகிவிடும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போக வேண்டும். அந்தப் பேரோடு போகிறவளுக்கு எந்த ஊரில் யார் பட்டியைத் திறந்துவிடுவார்கள்?

ரேஞ்சர் உடனே கிளம்பினார். அந்த ஊர்ப் பக்கம் பஸ் இருந்தது. ஆனால் பெட்ரோல் இல்லாமல் கரியை எரித்து ஓட்டிய சண்டைக் காலத்து பஸ். புகை மண்டலத்தில் பொறியை ஏற்றவே மாட்டேன் என்றுவிட்டார். மூன்று பொறிகளை இலைச் சாக்குகளில் வைத்து மாட்டுவண்டியில் போனோம். பாவாயி வண்டியில் ஏற மறுத்து, வண்டிக்கு முன்னால் நடந்தே வந்தாள்.

ஊர் எல்லையிலேயே பண்ணாடி நின்றிருந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் மனதில் ஒன்றைப் போட்டுவிட்டால் மாட்டைக் கட்டி இழுத்தாலும் வராது.

"ஓநாயாவது ஒண்ணாவதுங்க. அதெல்லாம் எங்கப்பன் காலத்தோட போச்சு. இப்ப இருக்கிறது ரெண்டு கால் ஓநாய்தானுங்க."

"இருந்தா பிடிபடும். இல்லைன்னா நாங்க திரும்பிப் போறோம்" என்றார் ரேஞ்சர்.

பொறிகளைக் காட்டின் ஓரத்தில் ஆவார இலை விரித்து அதன்மேல் இறக்கி வைத்தோம். வண்டிக்காரரைக் காவலுக்கு வைத்துவிட்டு, நானும் ரேஞ்சரும் வேலியைச் சுற்றிவரப் போனோம். மூன்று கடவுகள். மூன்றிலும் மங்கிப்போன பழைய தடங்கள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. மூன்று கடவுக்கு மூன்று பொறி, இன்றைக்கே முடிந்தது என்று கணக்குப் போட்டுக்கொண்டே திரும்பினேன்.

திரும்பி வரும்போதே காற்றில் வாசம் அடித்தது. ரேஞ்சர் நின்றுவிட்டார். "கோயில் பக்கத்துல இருக்கா?" என்றார். கோயில் ஊருக்கு மறுகோடியில் இருந்தது. ஓடினோம்.

பொறிகளைச் சுற்றி ஊரே கூடியிருந்தது. நடந்தது இதுதான். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஒருவர், "ஆட்ட வித்தவளே பொறியும் கொண்டாந்துட்டா" என்று பாவாயியின் காதுபடச் சொல்லியிருக்கிறார். அவளுக்குப் பொறுக்கவில்லை. "இந்த இரும்பு மேலயே சத்தியம் பண்றேன். கற்பூரம் கொண்டாங்க" என்று கத்தியிருக்கிறாள். எங்கள் பக்கத்தில் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. யாரோ கற்பூரம் கொண்டுவந்தார்கள். ஒரு பொறியின் தட்டில் ஏற்றி அணைத்தாள். "மூணு மேலயும் பண்ணு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மூன்றின் மேலும் ஏற்றி அணைத்தாள். சத்தியம் வாங்கிய இரும்பைச் சும்மா விடலாமா? பக்தி முற்றிய ஒரு அம்மாள் மூன்றுக்கும் மஞ்சள் தடவிக் குங்குமப் பொட்டும் வைத்துவிட்டார். வண்டிக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார்.

என் பொறிகள். பட்டை போட்டு, கடுக்காய் போட்டு, பனியில் தொங்கவிட்டு, மெழுகில் தூக்கிய என் பொறிகள். மூன்றும் பூசை முடிந்த அம்மன் போல உட்கார்ந்திருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாவாயியைப் பார்த்தேன். உள்ளங்கை சிவந்து கொப்பளிக்கத் தொடங்கியிருந்தது. தான் செய்தது என்னவென்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. தன்னைக் காப்பாற்ற வந்த ஒரே பொருளைத் தன் சத்தியத்தாலேயே கெடுத்துவிட்டாள்.

ரேஞ்சர் அவளைத் திட்டவில்லை. குனிந்து மூன்றையும் முகர்ந்தார். "கையில தேங்காயெண்ணெய் போடும்மா" என்றார். பிறகு என்னிடம், "ஒரு ராத்திரியை வீணாக்க முடியாது சாயம். துடைச்சிட்டு வெச்சுப் பார்ப்போம்" என்றார்.

இலையாலும் மண்ணாலும் தேய்த்தோம். மஞ்சள் போயிற்று, கற்பூரம் போகவில்லை. பட்டியிலிருந்து எடுத்த, ஆட்டு வாடை ஏறிய சாக்கை மண்டிபோடக் கீழே விரித்துக்கொண்டு, மூன்று கடவிலும் பொறியைப் புதைத்தோம்.

விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். மூன்று பொறியும் அப்படியே கிடந்தன. ஆனால் மண்ணில் இருந்ததைப் பார்த்ததும் நான் போட்ட சத்தத்தில் ரேஞ்சர் வேட்டியை மடித்துக் கட்டக்கூட மறந்து ஓடிவந்தார். தடம். புத்தம்புதுத் தடம். ஓநாய் முதல் கடவுக்கு நேரே வந்திருக்கிறது. பொறிக்கு ஒரு முழம் முன்னால் நான்கு காலும் சேர்ந்து நின்றிருக்கிறது. அங்கேயே திரும்பி, வேலியை ஒட்டியே அடுத்த கடவுக்கு ஓடியிருக்கிறது. அங்கும் அதே கதை. மூன்றாவதிலும் அதே கதை. பிறகு காட்டைப் பார்த்துப் போய்விட்டது.

நான் குதித்தேன். ஓநாய் இருக்கிறது. பாவாயி சொன்னது நிஜம்.

பண்ணாடி வந்து குனிந்து பார்த்தார். "இது நாய்த் தடமுங்க" என்றார். பிறகு பட்டியை எண்ணச் சொன்னார். ஒரு குட்டிகூடக் குறையவில்லை. அவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "பாத்துக்கங்க. சர்க்காரு ஆளு காவலுக்கு வந்த ராத்திரி ஒரு ஆடும் போகல. அது எப்படிங்க?"

கூட்டத்தில் தலைகள் ஆடின. ஓநாய் பயந்து போனதே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. பாவாயி எண்ணெய் தடவிய கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். "அப்ப எம்பட சத்தியத்துக்கு மதிப்பே இல்லீங்களா" என்று மட்டும் கேட்டாள்.

ரேஞ்சர் தடத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நானும் உட்கார்ந்தேன். முதல் கடவு, இரண்டாம் கடவு, மூன்றாம் கடவு. தடத்தை விரலால் தொடர்ந்துகொண்டே போனேன். சட்டென்று எனக்குப் பொறி தட்டியது.

"ஐயா, இது கற்பூரத்துக்குப் பயந்து போகலை. போகலாம்னுதான் மூணு கடவையும் தேடியிருக்கு. ஒரு கடவுல மட்டும் வாசம் இல்லாம இருந்திருந்தா?"

ரேஞ்சர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. அவர் முகத்தில் அதற்கு முன்பும் பின்பும் அப்படி ஒரு சிரிப்பை நான் கண்டதில்லை. "ரெண்டை அப்படியே விட்டுடு. இன்னும் கொஞ்சம் கற்பூரம்கூடப் போடச் சொல்லு. ஒண்ணை மட்டும் எடு. இங்கேயே வேகவை" என்றார்.

வேலி போட்டு விலங்கை ஒரு வழிக்குத் திருப்புவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாங்கள் வாசத்தால் வேலி போடப் போகிறோம். இரண்டு கடவுக்கும் கற்பூரம் வேலி. மூன்றாவது கடவில், உலகத்தில் எந்த வாசமும் இல்லாத இரும்பு. அதைச் செய்ய வேண்டியவன் நான். எங்கள் ஷெட் சேலத்துப் பக்கம் இருந்தது, வெள்ளிக்கிழமை பக்கத்தில் இருந்தது.

பொறி முழுகுகிற பாத்திரம் வேண்டும். பண்ணாடியிடம் வெல்லம் காய்ச்சுகிற கொப்பரை இருந்தது. கேட்டேன். தாடியைச் சொறிந்தார். "இருக்கிறது நாயோ நரியோ, உங்க ஆசையையும் பாத்துக்கங்க" என்று தந்துவிட்டார். அந்த மட்டில் அவர் நல்லவர்தான். வண்ணார் வீட்டில் உவர்மண் கிடைத்தது. ஆவாரைக்குப் பஞ்சமே இல்லை, காடு முழுக்கப் பூத்துக் கிடந்தது. பாவாயி சிவந்த கையோடு தொரட்டியை வைத்துக்கொண்டு கிளைகிளையாக அறுத்துப் போட்டாள். கடுக்காய் என் பையில் இருந்தது. மெழுகும் இருந்தது, ஆனால் ஒரே ஒரு பொறிக்குக் காணும் அளவுதான். தப்பு நேர்ந்தால் மறுபடி பூச வழியில்லை.

வேகவைத்தேன், வழித்தேன், மறுபடி வேகவைத்தேன். எடுத்து இலைமேல் வைத்தேன். ரேஞ்சர் முகர்ந்து, "கற்பூரம் இல்லை" என்றார். எனக்கு உயிர் வந்தது. உட்கார்ந்து பெருமூச்சு விட்ட அந்த நேரத்தில் பாவாயி, "ஏனுங்க, அது என்னங்க" என்று விரலை நீட்டினாள். பொறியின் தாடையில் எறும்பு. ஒன்று, பின்னால் இன்னொன்று, பின்னால் ஒரு வரிசை. கொப்பரையிலிருந்த வெல்லம் கரைந்து இரும்பில் ஏறியிருந்தது. மனுஷ மூக்குக்குத் தெரியாதது எறும்புக்குத் தெரிந்துவிட்டது. எறும்புக்குத் தெரிந்தது ஓநாய்க்குத் தெரியாமல் போகுமா?

கொப்பரையைக் கவிழ்த்து, புளியும் சாம்பலும் போட்டு, மூன்று பெண்களும் நானும் உட்கார்ந்து தேய்த்தோம். முந்தின நாள் மஞ்சள் பூசிய அம்மாளும் அதில் ஒருவர். தன் கையால் கெட்டதைத் தானே தேய்த்துத் தீர்ப்பதாகச் சொல்லி, விட்டேனா பார் என்று தேய்த்தார். மறுபடி உவர்மண், மறுபடி தண்ணீர். இம்முறை பொறியை எறும்புப் புற்றுக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தேன். எறும்புகள் அதைக் கல்லென்று நினைத்துச் சுற்றிக்கொண்டு போயின. அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்?

பிறகு ஆவாரம்பட்டை, கடுக்காய். பழைய துரு அடியில் இருந்ததால் உடனே கருப்பு ஏறியது. பிறகு மெழுகு. உருகி மிதக்கிற மெழுகுக்கு முன்னால் மரக்கொக்கியோடு நின்றபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. "சீக்கிரம், இருட்டப் போகுது" என்று வண்டிக்காரர் அவசரப்படுத்தினார். ரேஞ்சர் கையைக் காட்டி அவரை அடக்கினார். இரும்புக்குச் சூடு ஏறட்டும் என்று நின்றேன். பிறகு தூக்கினேன். மூச்சு விடாமல், மெல்ல, மெல்ல. முழுப் பொறியும் வெளியே வந்தபோது ஒரு சொட்டுக் கட்டி இல்லை. ஈரமண் நிறத்தில் ஒரு மினுக்கம், அவ்வளவே. ரேஞ்சர் கண்ணை மூடி வெகுநேரம் முகர்ந்தார். "ஒண்ணுமே இல்லை" என்றார். அதைவிடப் பெரிய பட்டத்தை எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

மூன்றாவதான தெற்குக் கடவில் அதைப் புதைத்தோம். பொறியின் சங்கிலி முனையில் ஒரு கட்டையைக் கட்டினோம். மற்ற இரண்டு கடவிலும் அந்த அம்மாளே தாராளமாகக் கற்பூரத்தைப் பொடித்துத் தூவினார். அன்று காட்டுப் பக்கம் ஒரு ஆளும் போகக் கூடாதென்று ரேஞ்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை காலையில் ஒன்றுமில்லை. தடமே இல்லை. ஊரில் சிரித்தார்கள். பாவாயி தன் வீட்டுச் சட்டி பானைகளைக் கூடையில் அடுக்கத் தொடங்கியதாகச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை விடியற்கருக்கலில் போனோம். முதல் கடவில் தடம் நின்று திரும்பியிருந்தது. இரண்டாவதிலும் நின்று திரும்பியிருந்தது. நான் ஓடத் தொடங்கினேன். ரேஞ்சர் பின்னால் துப்பாக்கியோடு ஓடிவந்தார். தெற்குக் கடவில் பொறி வைத்த இடம் வெறும் குழி. பொறியைக் காணோம், சங்கிலியைக் காணோம், கட்டையையும் காணோம். சோளம் அறுத்த காட்டின் நடுவே கட்டை இழுபட்ட கோடு நீளமாகப் போயிருந்தது. அந்தக் கோட்டின் மேலேயே ஓடினோம். பனைமரக் கூட்டத்துக்கு அடியில் கட்டை சிக்கியிருந்தது. அங்கே அது நின்றது. பழுப்பும் சாம்பலுமாய், நெடுங்காலும் ஒட்டிய வயிறுமாய். முன்கால் பொறியில் இருந்தது. எங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. சத்தமே போடவில்லை. அதையும் சொல்ல வேண்டும், ஒரு கணம் எனக்கு அதன்மேல் பாவமாக இருந்தது. ரேஞ்சர் அதை நீட்டிக்கவிடவில்லை. ஒரே குண்டு.

துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஊர் ஓடிவந்தது. முதலில் வந்தவள் பாவாயி. ஓநாயைப் பார்த்தாள். அழவில்லை, சிரிக்கவில்லை. "வண்டி குடுப்பீங்களா சாமி" என்று ரேஞ்சரிடம் கேட்டாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டைத் தின்ற மிருகத்தைக் கொன்றால், அதை வண்டியில் போட்டு வீடுவீடாகக் காட்டுவார்கள். வீட்டுக்காரர்கள் முறத்தில் கம்போ சோளமோ கொண்டுவந்து கொடுப்பார்கள். வண்டி கிளம்பியது. பாவாயி முன்னால் நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம். முதல் வீட்டுக்காரி முறம் நிறையக் கம்போடு வந்தாள். பாவாயி கையை நீட்டவில்லை.

"கம்பு வேண்டாங்க. அன்னிக்கு என்னையப் பத்தி இந்த ஊட்டுல சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்துக்கங்க, போதும்."

அந்தப் பெண் முறத்தைக் கீழே இறக்கினாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "தப்பாச் சொல்லிட்டோம் பாவாயி" என்றாள். வண்டி அடுத்த வீட்டுக்குப் போனது. அங்கும் அதே கேள்வி, அதே பதில். சில வீட்டில் முணுமுணுத்தார்கள், சில வீட்டில் உரக்கவே சொன்னார்கள். சொல்லாதவரைக்கும் அவள் வாசலை விட்டு நகரவில்லை. வண்டி நகர நகரக் கூட்டம் பெருகியது. ரேஞ்சர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

கடைசியாகப் பண்ணாடி வீடு. அவர் வாசலில் நின்றிருந்தார். அவர் மனைவி பின்னால் முறத்தோடு நின்றார். பண்ணாடி ஓநாயை வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவான குரலில், "பாவாயி, நாளையிலிருந்து ஆட்ட ஓட்டிக்க" என்றார்.

"ஊருக்கு முன்னாடி வெச்சுத் திருடின்னீங்க. ஊருக்கு முன்னாடி வெச்சுச் சொல்லுங்க பண்ணாடி."

அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், மறுபடி போட்டார். பிறகு படியிறங்கித் தெருவுக்கு வந்து, ஊரைப் பார்த்துத் திரும்பி நின்று, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

"பாவாயி எம்பட ஆட்டத் திருடலை. திருடினான்னு சொன்னது நான். அது பொய்."

அதற்குப் பிறகுதான் பாவாயி அந்த வீட்டுக் கம்பை வாங்கிக்கொண்டாள்.